ஒரு ரூபாய் வாய், பத்து ரூபாய் வாய்

"இந்த ஹால் விளக்கு தூங்குவதே இல்லை" என்று அம்மா சொல்லத் தொடங்கி இரண்டு வருடம் இருக்கும். அப்பா போன பிறகு கோலார் தங்கவயலிலிருந்து எங்களோடு வந்துவிட்டவர். தூக்கம் கோழித்தூக்கம். இரவில் இரண்டு முறையாவது எழுந்து ஹாலுக்கு வந்து தண்ணீர் குடிப்பார். அப்படி வரும்போதெல்லாம், அணைத்துவிட்டுப் படுத்த விளக்கு மின்மினி அளவுக்கு மினுங்கிக்கொண்டிருப்பதாகச் சொல்வார். நாங்கள் யாரும் நம்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தது. புது லென்ஸில் அப்படித்தான் தெரியும், போகப்போகச் சரியாகிவிடும் என்று நானே அவருக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள்கூட நள்ளிரவில் எழுந்து வந்து நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஆனால் இந்தக் கதை அம்மாவின் கண்ணிலிருந்து தொடங்கவில்லை, ஒரு பித்தளை விளக்கின் வாயிலிருந்து தொடங்கியது.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இந்த ஃபிளாட்டுக்கு வந்து பதினோரு வருடம். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு ஒன்று வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. போன ஆடித் தள்ளுபடியில் இணையத்தில் ஒன்று கண்ணில் பட்டது. பழம்பித்தளை நிறம், ஐந்து கை, ஒவ்வொரு கையின் நுனியிலும் மெழுகுவர்த்தி போல ஒரு வெள்ளைக் குழாய். நிறத்தைப் பார்த்தேன், உயரத்தைப் பார்த்தேன், சங்கிலியின் நீளத்தைக்கூட அளந்து பார்த்தேன். விவரக் குறிப்பின் கடைசி வரியில் "இ14 - 5; பல்ப் தனி" என்று இருந்தது. பல்ப் தனி என்பது புரிந்தது. இ14 என்பதை அந்தக் கம்பெனியின் மாடல் எண் என்று நினைத்துக்கொண்டேன். புடவைக்கு வடிவமைப்பு எண் இருப்பதில்லையா, அதுபோல ஏதோ ஒன்று.

விளக்கு வந்து சேர்ந்த அன்று மாலை என் கணவர் அலுவலகத்திலிருந்து வரும் வழியில் ஒன்பது வாட் எல்இடி பல்ப் ஐந்து வாங்கி வந்தார். வீட்டில் எல்லா இடத்திலும் இருக்கிற அதே வகை. ஒன்றை எடுத்து வெள்ளைக் குழாயின் வாயில் வைத்தார். யானையின் கால் சிறுவனின் செருப்பில் நுழைய முயல்வது போல இருந்தது. "பல்ப் என்றால் பல்ப்தானே, இதில் என்ன சின்னது பெரியது?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. ஐந்து பல்பையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டுச் சப்பாத்தி சாப்பிட்டோம்.

கல்லாவில் கிடந்த அளவுகோல்

மறுசனிக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் சாலைக்குப் போனேன். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் சிக்பேட்டை. அந்தச் சாலையில் விளக்குக் கடைகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். பட்டப்பகலில் அத்தனை விளக்கையும் எரியவிட்டு வைத்திருப்பார்கள், உள்ளே நுழைந்தால் ஆவணி மாதத்துக் கல்யாண மண்டபம் போல ஒரு வெக்கை அடிக்கும். நான் நுழைந்த கடையில் கவுண்டரில் இருந்த பையன் திருப்பத்தூர்ப் பக்கம். நான் வாயைத் திறந்ததுமே தமிழுக்கு மாறிவிட்டான். "தொங்குகிற விளக்குக்கு அஞ்சு பல்ப் வேண்டும்" என்றேன். "பின்னா, ஸ்க்ரூவா மேடம்?" என்றான். ஸ்க்ரூ என்றேன். "பெரிய ஸ்க்ரூவா, சின்ன ஸ்க்ரூவா?" கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினேன். அவன் சிரித்துவிட்டான். இங்கே வருகிற எல்லாரும் விரலால்தான் காட்டுகிறார்கள், ஆளுக்கு ஆள் விரல் வேறு மேடம் என்றான்.

பிறகு அவன் செய்ததுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. கல்லாவிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். அதன் பக்கத்தில் பெரிய ஸ்க்ரூ பல்ப் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தினான். இரண்டு வட்டமும் ஒன்று. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். இ27 என்றால் அவ்வளவுதான், திருகு மரையின் அகலம் 27 மில்லிமீட்டர். அடுத்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைத் தேடி எடுத்தான். ரூபாய்க் குறி போட்டு 2011-ல் வந்ததே, அது. இப்போது வருகிற ஒரு ரூபாய் அதைவிடச் சின்னது, ஏமாந்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கையும் சொன்னான். அதன்மேல் நம் வீட்டுப் 'பின்' பல்பை, பக்கவாட்டில் இரண்டு சின்னக் கம்பி முனை நீட்டிக்கொண்டிருப்பதை, வைத்தான். 22 மில்லிமீட்டர். அதனால் அது பி22. சின்ன ஸ்க்ரூவுக்கு நாணயம் இல்லை. சுவரில் ஓடிய கடிகாரத்தைக் கழற்றாத குறையாகக் காட்டி, அதில் போடுகிற பென்சில் செல்லின் பருமன் என்றான். ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். என்னுடைய மர்மமான மாடல் எண் அதுதான்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இது தெரியவில்லை என்பதைவிட, இதில் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. முன்னால் இருக்கும் எழுத்து வாயின் வகை, பின்னால் இருக்கும் எண் மில்லிமீட்டர். 'இ' என்பது எடிசனுக்காக, திருகுகிற வகை. 'பி' என்பது பேயனட், துப்பாக்கி முனையில் அழுத்தித் திருப்பிப் பூட்டும் கத்தியைப் போல அழுத்தித் திருப்பிப் பூட்டுகிற வகை. 'ஜி' என்று தொடங்கினால் இரண்டு ஊசிகள், எண் அந்த ஊசிகளுக்கு இடையே உள்ள தூரம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அரை அங்குலத்துக்குச் சண்டை போடுகிற நாம், ஐயாயிரம் ரூபாய் விளக்கின் கழுத்தளவைக் கேட்பதே இல்லை. விற்கிறவர்களும் அதை எடுப்பாகப் போடுவதில்லை. படத்தில் எல்லா விளக்கும் பல்போடு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கடையில் ஒரு மணி நேரம் நின்றதில் எனக்கு ஒரு கட்சி உண்டாகிவிட்டது: அடாப்டர் கூடாது. பையன் முதலில் அதைத்தான் நீட்டினான். பின் ஹோல்டரில் செருகினால் ஸ்க்ரூ பல்ப் மாட்டிக்கொள்ளலாம், ஸ்க்ரூவிலிருந்து பின்னுக்கும் உண்டு, சின்னதிலிருந்து பெரியதுக்கும் உண்டு, விலை சில்லறைதான். ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் ஐந்து ஒன்பது வாட் பல்பையும் இப்படிக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் அடாப்டர் போட்டால் பல்ப் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு வரும். ஷேடு உள்ள விளக்கில், ஷேடுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய பல்ப் நாக்கை நீட்டிக்கொண்டு கண்ணைக் கூசவைக்கும். பக்கவாட்டில் நீளும் கையில் அந்தக் கனம் ஒரு பக்கமாகச் சாய்க்கும். அதைவிட, மின்சாரம் கடக்கும் இணைப்பு ஒன்றுக்கு இரண்டாகிறது, எது தளர்ந்தாலும் அங்கேதான் சூடு. தொங்கும் விளக்கை அழகுக்காக வாங்கிவிட்டு அதன் கழுத்தில் பிளாஸ்டிக் கட்டு போடுவதற்கு, பல்பையே மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்து மெழுகுவர்த்தி வடிவப் பல்ப் வாங்கினேன். பெட்டியில் சி35 என்று இருந்தது. இப்போது எனக்குத் தைரியம் வந்துவிட்டது, 35 என்றால் வயிற்றின் அகலம் 35 மில்லிமீட்டரா என்று கேட்டேன். ஆமாம் என்றான் மாணவியை மெச்சும் வாத்தியார் போல. உருண்டைப் பல்பில் ஜி95, ஜி125 என்று எழுதியிருப்பதும் இதே கணக்குதான். ஆனால் இந்த 'ஜி' உருண்டையைக் குறிப்பது, ஊசி வாய்க்கான 'ஜி' அல்ல. இப்படி ஓர் எழுத்தையே இரண்டு வேலைக்கு வைத்தவர்களை என்ன சொல்ல? ஒவ்வொன்றும் நான்கு வாட், 2700 கெல்வின், அதாவது பழைய குண்டு பல்பின் மஞ்சள். வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது.

இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு தங்கவயலும்

ஏன் நம் வீடுகளில் பின் வகை? இதற்கு நான் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை, பதில் நம் வரலாற்றுப் பாடத்தில் பாதி இருக்கிறது. அமெரிக்காவில் எடிசன் திருகு வாயை வைத்தார், அங்கே அது நிலைத்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் தனியாக பல்ப் செய்துகொண்டிருந்தார். இருவரும் சண்டையை நீட்டாமல் 1883-ல் கூட்டுக் கம்பெனியே தொடங்கினார்கள், 'எடிஸ்வான்' என்று அதற்குப் பெயர். ஆனாலும் இங்கிலாந்து வீடுகளில் பேயனட்தான் வேரூன்றியது. ஆங்கிலேயர் போன பல இடங்களுக்கு அதுவும் போனது. நமக்கு வந்தது அப்படித்தான். இன்று அலங்கார விளக்குகளை உலகச் சந்தைக்காகச் செய்கிறவர்கள் இ27, இ14 என்று ஸ்க்ரூ வாயோடு செய்கிறார்கள். வீட்டின் வயரிங் ஒரு சாம்ராஜ்யத்தின் வாரிசு, மேசைமேல் தொங்குவது இன்னொன்றின் வாரிசு. சண்டை என் சாப்பாட்டு மேசையில்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "எங்களுக்குச் சிவசமுத்திரத்துக் கரண்டு" என்றார் பெருமையாக. தங்கவயல்காரர்கள் எல்லாருக்கும் இருக்கிற பெருமை இது. காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து 1902-ல் சுமார் 150 கிலோமீட்டர் கம்பியில் முதலில் கொண்டுபோனது தங்கச் சுரங்கத்துக்குத்தான். பெங்களூரில் இன்றைய கே.ஆர். மார்க்கெட் பக்கம் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-ல். வேடிக்கை என்னவென்றால், சிவசமுத்திரத்துக்கு மின் இயந்திரங்கள் கொடுத்தது ஜெனரல் எலெக்ட்ரிக். எடிசனின் கம்பெனி இன்னொன்றோடு இணைந்து உருவானதுதான் அது. எடிசன் வழியில் வந்த கரண்டு, தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் நான் பிறந்த லைன் வீட்டில் ஸ்வான் நாட்டு வாய்க்குள் எரிந்தது. நாற்பது வாட் குண்டு பல்ப், கருப்பு பேக்கலைட் ஹோல்டர். அப்பா சுரங்கத்தின் மின்பிரிவில் உதவியாளராக இருந்தவர். பல்ப் மாற்றும்போது என்னை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அழுத்து, திருப்பு, விடு. அந்த 'டக்' சத்தம் எனக்கு இன்னும் பிடிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பல்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஸ்க்ரூவில் அந்தச் சத்தம் இல்லை. எவ்வளவு திருகினால் போதும் என்று சொல்ல யாருமில்லை. குறைத்துத் திருகினால் மினுக்கும், கூட்டித் திருகினால் கழற்றும்போது கண்ணாடி மட்டும் கையோடு வரும்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு தடவை அங்கிருந்து மேசை விளக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள், பல்போடு. அங்கே இ26. நம் இ27 ஹோல்டரில் கச்சிதமாக உட்காரும், அதுதான் ஆபத்து. அந்த பல்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் 230. போட்டதும் ஒரு நொடி சூரியன் போல எரிந்து முடிந்தது. அங்கே மெழுகுவர்த்தி விளக்குகளுக்கு இ12 என்று ஒன்று உண்டு, அது நம் இ14-ல் சேராது. வாய் பொருந்தாத பல்ப் தொல்லைதான் கொடுக்கும். வாய் பொருந்தி வோல்ட் பொருந்தாததுதான் வெடிக்கும்.

டெஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். ஸ்ரீராமபுரத்துக்காரர், அதிகம் பேசமாட்டார், பேசினாலும் பாதியை ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பேசுவார். பழைய ஹால் ஹோல்டரைக் கழற்றி, கொக்கியில் புது விளக்கைத் தொங்கவிட்டார். விளக்கிலிருந்து பழுப்பு வயரும் நீல வயரும் வந்தன. நம் ஊர் வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் வயர்; கருப்பு நியூட்ரல், அது திரும்பிப் போகும் வயர்; பச்சை எர்த். வெளிநாட்டுக்கும் சேர்த்துச் செய்யும் இந்த விளக்குகளில் பழுப்புதான் ஃபேஸ், நீலம் நியூட்ரல். "நீலத்தைப் பார்த்து ஃபேஸ் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிற பையன்கள் உண்டு அக்கா" என்றார். சுவிட்சிலிருந்து வரும் வயரைப் பழுப்போடும் மற்றதை நீலத்தோடும் சேர்த்து டேப் சுற்றினார். மெயினைப் போட்டார். சுவிட்சைத் தட்டினேன், ஐந்தும் எரிந்தன. நான் கைதட்டினேன். அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

சுவிட்சை அணைக்கச் சொன்னார். ஒரு பல்பை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தார். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, காலி வாய்க்குள் விட்டு, மரையுள்ள பித்தளைச் சுவரில் நுனியை வைத்துக் கட்டைவிரலால் பின்பக்கத்தைத் தொட்டார். டெஸ்டரின் வயிற்றுக்குள் ஆரஞ்சு நிறத்தில் அது எரிந்தது. சுவிட்ச் அணைந்திருக்கிறது, விளக்கு எரியவில்லை, ஆனால் என் கை சற்று முன்புதான் பல்பைத் திருகிச் செருகிய அந்த மரைச்சுவரில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கிறது. அவர் டெஸ்டரை எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எரிந்தது. ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதல்முறையாக முழு வாக்கியம் பேசினார். "அக்கா, உங்கள் வீட்டில் சுவிட்ச் ஃபேஸை நிறுத்தவில்லை, நியூட்ரலை நிறுத்துகிறது."

எனக்குப் புரியும்படி அவர் சொன்னது இது. மேல் தொட்டியிலிருந்து குழாய் வழியாகக் கைகழுவும் தொட்டிக்குத் தண்ணீர் வருகிறது, கீழே சாக்கடைக்குப் போகிறது. குழாயை மூடினால் கைகழுவும் தொட்டி காய்ந்துவிடும். குழாயைத் திறந்தே வைத்துவிட்டு சாக்கடையை அடைத்தாலும் ஓட்டம் நிற்கும், ஆனால் அந்தத் தொட்டி தளும்பி நிற்கும், கை வைத்தால் நனையும். எங்கள் வீட்டில் சாக்கடைக்குக் கதவு வைத்திருந்தார்கள். விளக்கு அணைவதென்னவோ நிஜம். ஆனால் மின்சாரம் பல்ப் வரைக்கும் வந்து காத்துக்கொண்டே இருக்கிறது.

பின் ஹோல்டரில் இது ஏன் பதினோரு வருடமும் தெரியவில்லை என்று கேட்டேன். கழற்றி வைத்திருந்த பழைய ஹோல்டரைக் காட்டினார். பின் பல்பின் அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள், ஹோல்டருக்குள் ஆழத்தில் அதற்கு இரண்டு ஸ்பிரிங் முனைகள். ஃபேஸும் நியூட்ரலும் அந்த இரண்டு புள்ளிகளோடு முடிந்துவிடுகின்றன. பக்கவாட்டு உலோகத்துக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது வெறும் பிடி. எது எந்தப் பக்கம் வந்தாலும் பல்பைப் பிடிக்கிற கைக்கு வித்தியாசம் தெரியாது. காலி ஹோல்டருக்குள் விரலை விட்டால் அதுவும் அடிக்கும், அது வேறு விஷயம். ஸ்க்ரூவில் அப்படி இல்லை. நடுவில் இருக்கும் பொட்டு ஒரு முனை, திருகுகிற மரைச்சுவர் முழுவதும் இன்னொரு முனை. அதனால்தான் நடுப்பொட்டுக்கு ஃபேஸ், மரைக்கு நியூட்ரல் என்று கண்டிப்பான விதி. பாதி கழன்ற பல்பில் அந்த மரை வெளியே தெரியும், விரல் எட்டும். நல்ல ஹோல்டர்களில் பல்ப் முழுக்க உள்ளே இறங்கும்வரை மரைக்கு இணைப்பே கிடைக்காதபடி செய்திருப்பார்களாம், வாயைச் சுற்றி உயரமான விளிம்பும் வைத்திருப்பார்களாம். என்னுடைய ஆடித் தள்ளுபடி விளக்கில் அது எதுவும் இல்லை. மெழுகுவர்த்தி வேடம் போட்ட மெல்லிய குழாய், அவ்வளவுதான்.

அப்போது அம்மா சோபாவிலிருந்து கேட்டார்: "அதனால்தான் விளக்கு தூங்கவில்லையா தம்பி?"

அண்ணன் ஏணியில் இருந்தபடியே திரும்பினார். என்ன அம்மா என்று கேட்டார், அம்மா சொன்னார், நான் பேசாமல் நின்றேன். பெரியம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்றார் அவர். குண்டு பல்ப் எரிய நிறைய கரண்டு வேண்டும், அதில் இது தெரியாது. எல்இடிக்குத் துளி போதும். ஃபேஸ் பல்ப் வரைக்கும் எப்போதும் நின்றால், பக்கத்தில் ஓடும் வயர், சுவர், கூரை என்று சுற்றிலும் கசியும் துளியே அதற்குப் போதும், இருட்டில் மினுக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் இதைச் சொல்லியிருந்தால் டெஸ்டரே வேண்டியதில்லை, அம்மாவின் கண்ணே டெஸ்டர் என்றார். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

திருத்தம் பத்து நிமிட வேலை. வாசலுக்குப் பின்னால் இருக்கும், வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிபி பெட்டியின் மூடியைத் திறந்தார். ஹாலுக்கும் அம்மா படுக்கும் அறைக்கும் சேர்த்துப் போகும் சர்க்யூட்டில் எம்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்சுக்குள், சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில், கருப்பு வயர் நுழைந்திருந்தது, நியூட்ரல் பட்டையில் சிவப்பு. மெயினை அணைத்து இரண்டையும் இடம் மாற்றினார், அவ்வளவுதான். மற்ற சர்க்யூட்டுகள் சரியாக இருந்தன. கட்டிய காலத்தில் அவசரத்தில் யாரோ ஒரு பையன் மாற்றிக் கொடுத்திருக்கிறான். அதற்கு மேல் பதினோரு வருடம் நாங்கள் வெள்ளை அடித்தோம், கொலு வைத்தோம், நான்கு முறை பல்ப் மாற்றினோம். பிறகு அதே வாயில் அதே மரையில் டெஸ்டரை வைத்தார். இருட்டு. நடுப்பொட்டில் வைத்து, என்னைச் சுவிட்ச் போடச் சொன்னார். எரிந்தது. அணைக்கச் சொன்னார். அணைந்தது.

பின்னுக்கு ஒரு வார்த்தை

இதற்குப் பிறகு எனக்குப் பின் ஹோல்டர் மேல் மரியாதை கூடிவிட்டது. அழகில் அது தோற்றுப்போகும். அலங்கார விளக்குகளின் உலகத்தில் அதற்கு இடமே இல்லாமல் ஆகிக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் ஊர் வயரிங்கை அறிந்தவன் செய்த வாய் போல இருக்கிறது அது. செய்கிறவன் தப்புச் செய்வான், சரிபார்க்கிறவன் வரமாட்டான், எது எப்படியானாலும் பல்ப் மாற்றுகிறவளின் கை தப்பட்டும் என்று. அதே பெருந்தன்மைதான் எங்கள் வீட்டுத் தவறைப் பதினோரு வருடம் மூடியும் வைத்தது. அந்த வகையில் என் ஆடித் தள்ளுபடி விளக்கு நேர்மையானது. எந்த ஹோல்டர் நல்லது என்று யாராவது இப்போது என்னைக் கேட்டால் என்னால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்க்ரூ வாய் விளக்கு வாங்குகிற தோழிகளிடம் மட்டும், மாட்ட வருகிறவர் மரையில் டெஸ்டர் வைத்துக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் செய்தார்கள். ஒருத்திக்கு எரிந்ததாம்.

அந்தக் கையோடு குளியலறையையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கில் கொண்டை ஊசி போல இரண்டு வளையம் உள்ள பல்ப். ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளி, ஜி9. ஹாலாஜன் வகை, வெறும் கையால் தொட்டால் விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கெட்டு ஆயுள் குறையும், துணியால் பிடிக்க வேண்டும். தாழ்கூரையில் பதித்த ஸ்பாட் விளக்குகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரே முகம், ஒரே அகலம், ஆனால் அடியில் கட்டைக் கால் இரண்டு இருந்தால் ஜியு10, நேரே 230 வோல்ட். மெல்லிய ஊசி இரண்டு இருந்தால் ஜியு5.3, அது பெரும்பாலும் 12 வோல்ட், பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். முகத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பையன் மறுபடி சிரிப்பான். காலைப் படம் எடுக்க வேண்டும்.

ஐந்து கை விளக்கு இப்போது மேசைமேல் எரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. பெட்டியில் ஒவ்வொரு பல்புக்கும் 400 லூமன் என்று போட்டிருக்கிறது, ஐந்து சேர்ந்தால் பழைய ஒற்றை பல்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அம்மாவுக்குத் திருப்தி இல்லை. மஞ்சள் வெளிச்சத்தில் தினசரியின் இரங்கல் பக்கம் படிக்க முடியவில்லையாம், கல்யாண வீட்டில் உட்கார்ந்து படிப்பது போல இருக்கிறதாம். அவர் அறையில் மட்டும் பழைய பின் ஹோல்டர் அப்படியே இருக்கட்டும், அந்த வெள்ளை ஒன்பது வாட்டையே போடு என்றார். வீட்டில்தான் ஐந்து சும்மா கிடந்தனவே. நானே ஸ்டூலில் ஏறி, மெயினை அணைத்துவிட்டு, ஒன்றை மாட்டினேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். டக்.

அன்று இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஹாலுக்கு வந்தேன். அம்மா தண்ணீர்ச் சொம்போடு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு கண் பழகியதும் பித்தளைக் கைகள் ஐந்தும் கருப்பாகத் தெரிந்தன, அவற்றின் நுனியில் ஒன்றும் இல்லை. "போய்ப் படு பாப்பா, காலையில் உனக்கு ஆபீஸ் இருக்கிறது" என்றார்.